காதால் கண்ட ஆட்டம்

பாரதப் போரைத் திருதராட்டிரன் கண்ணாற் கண்டானல்லன். சஞ்சயனின் வாய்மொழியே அவனுக்குப் போர்க்களமாயிற்று. நிகழ்விடத்தில் இல்லாத ஒருவருக்கு நிகழ்வைச் சொல்லாற் காட்டுதல் அத்துணைப் பழைய கலையாகும். ஆயின் சஞ்சயன் ஒருவன். அவன் சொல்லக் கேட்டவனும் ஒரு மன்னனே. வீட்டுக்கு வீடு ஒரு சஞ்சயனை அனுப்பிவைத்தது இருபதாம் நூற்றாண்டின் வானொலி. இம்மாற்றம் சாதாரண மக்களின் வாழ்வில் எவ்வாறு வேரூன்றியது, பின்வந்த சாதனங்களால் எவ்வாறு உருமாறியது என்பவற்றை அறிய விரும்புவோர்க்கு, ஐக்கிய அமெரிக்காவில் பேஸ்போல் ஆட்டத்தை மக்கள் பின்பற்றிவந்த வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பேஸ்போல் வானொலிக்கென்றே அமைந்த ஆட்டமோ என எண்ணத் தோன்றும். காற்பந்தாட்டத்திற் பந்து ஓயாது உருள்கின்றது. அதனைத் துரத்தும் நா இளைத்துப்போகும். பேஸ்போலிலோ, கிரிக்கெற்றிற் போலவே, ஒவ்வொரு வீச்சும் தனித்த ஒரு நிகழ்வு. பந்துவீச்சாளர் நிற்கும் இடத்துக்கும் துடுப்பாட்டக்காரரின் தளத்துக்கும் இடைப்பட்ட தூரம் 60 அடி 6 அங்குலம். வேகமாக வீசப்பட்ட பந்து அதனைக் கடக்க அரை விநாடியும் வேண்டியதில்லை. அதன் பின்னர், அடுத்த வீச்சு வரும்வரை, பல விநாடிகள் பெரும்பாலும் எதுவும் நிகழாது. அந்த வெறுமையே வர்ணனையாளரின் விளைநிலம். காற்று எத்திசையில் வீசுகின்றது, துடுப்பாட்டக்காரர் எவ்வூரிற் பிறந்தவர், பத்தாண்டுகளுக்கு முன் இதே மைதானத்தில் இதே நிலையில் என்ன நேர்ந்தது என்பனவெல்லாம் அங்கே விதைக்கப்படும். ஏப்ரில் முதல் செப்டெம்பர் வரை நீளும் பருவத்தில் ஒவ்வோர் அணியும் முன்னர் 154 ஆட்டங்களையும், 1960களின் தொடக்கத்திலிருந்து 162 ஆட்டங்களையும் ஆடிவந்துள்ளது. ஏறக்குறைய நாள்தோறும் ஓர் ஆட்டம். ஆகவே ஓர் அணியைப் பின்பற்றுதல் என்பது ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குச் செல்வது போன்றதன்று. வேலியருகே நின்று அயலவருடன் அன்றாடம் கதைப்பது போன்றது.

வானொலி தோன்றுமுன்னரும் தொலைவிலிருந்த ஆட்டத்தை அறியும் வேட்கை இருந்தது. உலகத் தொடர் நடைபெறும் நாட்களிற் செய்தித்தாள் அலுவலகங்களின் முன்னே பெரும் பலகைகள் நிறுத்தப்பட்டன. தந்தி மூலம் வந்த செய்திக்கேற்ப அப்பலகையிற் பந்தின் குறி நகர்த்தப்படும். தெருவை அடைத்து நின்ற மக்கள், மரப்பலகையில் நகர்ந்த அக்குறியைக் கண்டு ஆரவாரித்தனர். 1921ஆம் ஆண்டு ஓகஸ்ற் 5ஆம் திகதி பிற்ஸ்பேர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் அப்பலகையை வீட்டினுள் கொண்டுவந்தது. வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்திற் பணிபுரிந்த ஹரோல்ட் ஆர்லின் என்னும் இளைஞர், தொலைபேசியின் பேசுகருவியை ஒலிவாங்கியாக்கிக்கொண்டு, பிற்ஸ்பேர்க் அணி பிலடெல்பியா அணியை 8க்கு 5 என வென்ற ஆட்டத்தை வர்ணித்தார். பெருமட்டப் போட்டி ஒன்று வானொலியில் ஒலித்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டின் உலகத் தொடரை நியூவார்க்கின் டபிள்யூ.ஜே.இசட். நிலையம் ஒலிபரப்பியபோது, அறிவிப்பாளர் மைதானத்தில் இருக்கவில்லை. மைதானத்திலிருந்து ஒருவர் தொலைபேசியிற் சொல்ல, நிலையத்தில் இருந்தவர் அதனைத் திருப்பிச் சொன்னார்.

தான் காணாத ஆட்டத்தைக் கண்டவர்போல் வர்ணிக்கும் இம்முறை பின்னர் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. வெளியூருக்கு வர்ணனையாளரை அனுப்புவது செலவுமிக்க காரியமாகையால், தந்தியில் வந்த ஓரிரு சொற்களைக் கொண்டு நிலையத்திலிருந்தே ஆட்டம் மீளப் படைக்கப்பட்டது. மரக்கோலைத் தட்டி மட்டையின் ஓசையும், இசைத்தட்டிலிருந்து கூட்டத்தின் இரைச்சலும் எழுப்பப்பட்டன. 1930களில் அயோவா மாநிலத்தின் டபிள்யூ.எச்.ஓ. நிலையத்தில் இப்பணியைச் செய்தவர்களுள் ஒருவர் ரொனால்ட் றேகன். சிக்காகோ கப்ஸ் அணியின் ஆட்டமொன்றின் நடுவே தந்தி அறுந்துபோக, துடுப்பாட்டக்காரர் பந்தை மீண்டும் மீண்டும் எல்லைக்கோட்டுக்கு வெளியே தட்டிவிடுவதாகப் பல நிமிடங்கள் சொல்லிச் சமாளித்த கதையைப் பிற்காலத்திற் சனாதிபதியான பின்னரும் அவர் விருப்புடன் கூறிவந்தார். அத்தகைய அடியால் ஆட்டக்காரர் பொதுவாக ஆட்டமிழப்பதில்லை. மறுநாட் செய்தித்தாளின் புள்ளி அட்டவணையிலும் அது இடம்பெறுவதில்லை. பொய் சொல்வதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் அவ்வாட்டத்தில் வேறில்லை. கேட்டுக்கொண்டிருந்தோர் நகைத்து மறந்துவிடத்தக்க கதையே இது. எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. காதால் ஆட்டத்தைக் காண்போர் தம் கண்களை ஒரு குரலிடம் ஒப்படைக்கின்றனர். அக்குரலின் நேர்மையன்றி அவர்களுக்கு வேறு காவல் இல்லை.

குரலின் நேர்மை ஒருபுறமிருக்க, அக்குரலை யார் கேட்கலாம் என்ற வினாவும் தொடக்கத்திலேயே எழுந்தது. இலவசமாகக் கேட்கக்கூடியதைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார் என அணி உரிமையாளர் பலர் அஞ்சினர். நியூயோர்க் நகரின் மூன்று அணிகளும் தமக்குள் உடன்பாடு செய்து 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் வழமையான ஒலிபரப்பை நிறுத்திவைத்தன. பிற்ஸ்பேர்க்கிலோ கே.கியூ.வீ. என்னும் நிலையம், மைதானத்தின் உட்புறம் தெரியக்கூடிய அயற்கட்டிடம் ஒன்றை வாடகைக்குப் பெற்று, அங்கிருந்து ஆட்டத்தை நோக்கி ஒலிபரப்பியது. வழக்கு நீதிமன்றம் சென்றது. ஆட்டத்தை நடத்துவோர்க்கே அதன் செய்தியை உடனுக்குடன் வழங்கும் வணிக உரிமையும் உண்டு என 1938இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து அவ்வொலிபரப்பைத் தடுத்தது. அடுத்த வீட்டுக் கூரையிலிருந்து கண்ணிற் படும் ஒன்றை வாயாற் சொல்வதற்கும் அனுமதி வேண்டும் என்றாயிற்று. பிற்காலத்துச் செய்மதி, இணையம் ஆகியவற்றின் வாயிலில் நின்ற காவலாளர் அனைவர்க்கும் இத்தீர்ப்பு ஒரு வகையில் மூத்த உறவு எனலாம்.

உரிமையாளரின் அச்சம் வீணானது என்பது விரைவில் வெளிப்பட்டது. 1939இல் லறி மக்பெயில் புரூக்ளின் அணிக்கு றெட் பார்பரை வர்ணனையாளராக அழைத்துவந்தார். வானொலியிற் கேட்ட இல்லத்தரசிகளும் கடைக்காரரும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டனர். கற்றவர் மைதானத்துக்கும் வந்தனர். பார்பரின் மேசையில் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்று இருந்தது. மணல் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைத் திருப்பிவைத்துவிட்டு, அப்போதைய புள்ளிநிலையை மறவாது அறிவிப்பார். அப்பொழுதுதான் வானொலியைத் திருப்பிய யாரோ ஒருவரை அவர் எப்பொழுதும் நினைவில் வைத்திருந்தார்.

பார்பருக்கு இதனினும் கடுமையான சோதனை ஒன்றும் நேர்ந்தது. நிறவேற்றுமை ஊறிய தென்மாநிலங்களிற் பிறந்து வளர்ந்தவர் அவர். கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரை அணியிற் சேர்க்கவிருப்பதாக பிராஞ்ச் றிக்கி 1945இல் அவரிடம் கூறியபோது, பதவியைத் துறப்பதென்றே அவர் முதலில் எண்ணினார். பின்னர் தம் மனத்தைத் தாமே விசாரித்து, நிகழ்வதை உள்ளவாறு சொல்வதே தம் தொழில் எனத் தெளிந்தார். 1947 ஏப்ரிலில் ஜக்கி றொபின்சன் களமிறங்கியபோது, மற்றெந்த ஆட்டக்காரரையும் போலவே அவரையும் வர்ணித்தார். ஓடினார், பிடித்தார், அடித்தார் என்ற வினைச்சொற்களுக்கு நிறமில்லை. எதையும் முழங்காமல் வினையை மட்டும் சொன்ன அக்குரல், நாள்தோறும் வீடுகளினுள் புகுந்து செய்த பணி சிறிதன்று.

வானொலி அலையின் இயல்பும் இக்கதையிற் பங்குகொண்டது. பகலில் மத்திய அலைகள் வளிமண்டலத்தின் மேலே கீழ்ப்படையால் உறிஞ்சப்படுகின்றன. இரவில் அப்படை மறைய, அதற்கும் மேலுள்ள படை அவற்றைத் தெறிக்கச் செய்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இறக்குகின்றது. சென் லூயிஸ் நகரின் கே.எம்.ஓ.எக்ஸ். நிலையத்தின் வலு 50,000 உவாற். 1950களின் நடுப்பகுதி வரை அந்நகரின் அணிகளைவிட மேற்கேயோ தெற்கேயோ பெருமட்ட அணி எதுவும் இருக்கவில்லை. ஆகவே ஆர்கன்சோ, ஒக்லகோமா, மிசிசிப்பி, ரெனசி எனப் பரந்துகிடந்த நாட்டுப்புறங்களில், சென் லூயிசைக் கண்ணாலும் காணாத மக்கள் கார்டினல்ஸ் அணியைத் தம் சொந்த அணியாகக் கொண்டனர். ஹறி கேரே, ஜக் பக் ஆகியோரின் குரல்கள் எட்டிய இடமே அவ்வணியின் எல்லையாயிற்று. எந்த நில அளவையாளரும் வரையாத எல்லை அது.

1954இல் திரான்சிஸ்ரர் வானொலி கடைகளுக்கு வந்ததும் குரல் மனிதருடன் நடமாடத் தொடங்கியது. 1958இல் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணி லொஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்து, ஓட்டப்போட்டிகளுக்கும் அமெரிக்கக் காற்பந்துக்குமாகக் கட்டப்பட்ட கொலிசியம் அரங்கில் ஆடியது. 1959ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஓர் ஆட்டத்துக்கு அங்கே 92,706 பேர் திரண்டனர். பின்வரிசையில் இருந்தோர்க்கு ஆட்டக்காரர் எறும்புகளாகவே தெரிந்தனர். அவர்கள் செய்தது வியப்புக்குரியது. கையடக்க வானொலிகளை உடன் கொண்டுவந்து, கண்ணெதிரே நடந்த ஆட்டத்தை வின் ஸ்கலியின் குரலிற் கேட்டனர். கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முதுமொழி. அவ்வரங்கிற் கூடியோர் கண்டதைக் கேட்டு உறுதிசெய்தனர். கேட்டதைக் கண்டு உறுதிசெய்தனர். 1960இல் ஒருநாள், நடுவர் பிராங்க் செக்கொறியின் பிறந்தநாள் அன்று என்பதை அறிந்த ஸ்கலி, தாம் மூன்றுவரை எண்ணியதும் அவருக்கு வாழ்த்துக் கூறுமாறு நேயரைக் கேட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒரே கணத்தில் முழங்கின. வானொலியின் அழைப்புக்கு மைதானம் விடையளித்தது. அழைப்பு எல்லோரையும் ஒரே நொடியில் எட்டியமையாலேயே அது கைகூடியது.

தொலைக்காட்சி வானொலியை உடனடியாக வீழ்த்திவிடவில்லை. 1939 ஓகஸ்ற் 26இல் இரண்டு ஒளிப்படக் கருவிகளுடன் புரூக்ளினிலிருந்து முதலாவது பெருமட்ட ஆட்டம் ஒளிபரப்பாகியது. உலகத் தொடர் 1947இல் திரைக்கு வந்தது. ஆயினும் 1951 ஒக்ரோபர் 3ஆம் திகதி நிகழ்ந்ததை நோக்குக. நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியின் பொபி தொம்சன் கடைசி இனிங்சில் அடித்த ஹோம் ரன் அவ்வணிக்குத் தேசியக் கழகக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தது. தொலைக்காட்சியில் அதனை வர்ணித்தவர் ஏர்ணி ஹார்வெல். அவ்வர்ணனையின் பதிவு எதுவும் எஞ்சவில்லை. வானொலியில் றஸ் ஹொட்ஜஸ் தம்மை மறந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கூவியதோ இன்றும் ஒலிக்கின்றது. அதனைக் காத்தது நிலையமன்று. வேலைக்குச் செல்லவேண்டியிருந்த நேயர் ஒருவர், ஆட்டத்தின் முடிவை ஒலிநாடாவிற் பதியுமாறு தம் தாயிடம் கூறிச் சென்றிருந்தார், அத்தாய் பதிந்தார். மக்கள் சொத்தை மக்களே பேணினர் என்பதற்கு அந்நாடா நற்சான்று.

திரை பெருகப் பெருக வர்ணனையாளரின் தொழிலும் மாறிற்று. காட்சியைக் காண்போர்க்குப் பந்து எங்கே சென்றது எனச் சொல்லவேண்டியதில்லை. ஏன் சென்றது என்று சொன்னாற் போதும். 1976இல் அற்லான்ரா அணியை வாங்கிய ரெட் ரேணர், அவ்வாண்டின் இறுதியிலேயே தம் நிலையத்தைச் செய்மதிக்கு ஏற்றினார். கம்பிவழித் தொலைக்காட்சி சென்ற ஊரெல்லாம் அற்லான்ராவின் ஆட்டமும் சென்றது. ஆயின் கம்பிக்கு மாதக் கட்டணம் உண்டு. முன்பு இருளில் இலவசமாக இறங்கிய அலையின் இடத்திற் சந்தா வந்து அமர்ந்தது. இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு வேடிக்கையும் பல்கலைக்கழகத்தார் அறியத்தக்கது. 1972 முதல் 1974 வரை மூன்று முறை தொடர்ந்து உலகத் தொடரை வென்ற ஒக்லண்ட் அணி, 1978ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியபோது தன் ஆட்டங்களை ஒலிபரப்ப வர்த்தக நிலையமின்றித் தவித்தது. பேர்க்லி பல்கலைக்கழக மாணவரின் கே.ஏ.எல்.எக்ஸ். நிலையமே அதற்குக் கைகொடுத்தது. அதன் வலு வெறும் 10 உவாற். அம்முயற்சியில் முன்னின்ற மாணவர் லறி பேயர் பின்னாளில் அயல்நகரான சன் பிரான்சிஸ்கோ அணியின் தலைவரானார்.

இணையம் வந்தபின் வாயில்கள் ஒரு பக்கம் அகலத் திறந்தன. மறுபக்கம் இறுக மூடின. 1995 செப்டெம்பரில் சியாற்றில், நியூயோர்க் அணிகளுக்கிடையிலான ஆட்டத்தின் ஒலி இணையவழியே நேரடியாகச் சென்றது. 2002 ஓகஸ்ற் 26இல் ஆட்டமொன்றின் காட்சியும் சென்றது. அடுத்த ஆண்டே முழுப்பருவத்துக்கும் சந்தாச் சேவை தொடங்கிற்று. இதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. பிறந்த ஊரைவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழ்பவர் தம் ஊர் வர்ணனையாளரின் குரலை நாள்தோறும் தெளிவாகக் கேட்கலாம். 2015 முதல் எல்லாப் பெருமட்ட மைதானங்களிலும் பொருத்தப்பட்ட அளவைக் கருவிகள், பந்தின் வேகம், சுழற்சி, அது மட்டையிலிருந்து எழுந்த கோணம் அனைத்தையும் எண்களாக்கி உடனுக்குடன் கைத்தொலைபேசிக்கு அனுப்புகின்றன. தந்திச் சொற்களைக் கொண்டு ஆட்டத்தைக் கற்பனையில் எழுப்பியவரின் வேலையை இன்று நேயரே, எண்களைக் கொண்டு, செய்துகொள்கின்றார்.

மூடிய பக்கம் விந்தையானது. ஒவ்வோர் அணியும் தன் சுற்றுப்புறத்தின் காட்சியுரிமையைக் கம்பிவழி நிறுவனங்களுக்கு விற்றுவிட்டமையால், இணையச் சந்தாதாரர் தொலைவிலுள்ள அணிகளைக் காணலாம். தம் அயலிலுள்ள அணியைக் காண இயலாது என்னும் நிலை நீண்டகாலம் நிலவியது. அயோவாவிற் பெருமட்ட அணி ஒன்றுமில்லை. ஆனால் சூழவுள்ள ஆறு அணிகள் அம்மாநிலத்தைத் தத்தம் எல்லைக்குள் அடக்கியிருந்தமையால், அங்கிருந்த சந்தாதாரருக்கு ஆறு அணிகளின் ஆட்டங்களும் இணையத்தில் மறைக்கப்பட்டன. 2023இல் பிரதேச ஒளிபரப்புக்கள் பலவற்றைக் கையாண்ட நிறுவனம் கடன் தீர்க்கவியலாது நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டின் மே மாத இறுதியில் சன் டியாகோ அணியின் ஒளிபரப்பைப் போட்டி நிருவாகமே ஏற்று, அங்கு நிலவிய தடையை நீக்கியது. கவனிக்கத்தக்கது யாதெனில், இத்தடை காட்சிக்கேயன்றி ஒலிக்கு இருக்கவில்லை. எல்லோரும் பழையதெனக் கருதிய சாதனமே யாவர்க்கும் திறந்திருந்தது.

வேறொன்றும் சந்தடியின்றி இழக்கப்பட்டது. இணையத்தில் ஒலியும் ஒளியும் சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டு, சேமிக்கப்பட்டு, பின்னரே ஒலிக்கின்றன. ஆகவே பல விநாடிகள், சில வேளைகளில் அரை நிமிடமும், பிந்துகின்றன. ஒரே தெருவில் ஒரு வீட்டார் ஆரவாரித்து ஓய்ந்த பின்னரே அடுத்த வீட்டாரின் திரையிற் பந்து எழும். மைதானத்தில் இருந்துகொண்டு இணையவழி கேட்பவருக்கு, ஓடி முடித்தவர் மீண்டும் ஓடுவார். மூன்றுவரை எண்ணி ஒரு நடுவரை ஒருமித்து வாழ்த்துதல் அங்கே நடவாது. காட்சி துல்லியமாயிற்று, கணம் சிதறிற்று.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று, மறந்துபோன பழமையை ஒருமுறை மீட்டுவந்தது. பார்வையாளரற்ற மைதானங்களில் கணினி விளையாட்டொன்றிலிருந்து பெற்ற கூட்டத்தின் இரைச்சல் ஒலிக்கவிடப்பட்டது. வெளியூர் ஆட்டங்களை வர்ணனையாளர் தம் ஊரிலிருந்தே திரையைப் பார்த்து வர்ணித்தனர். 1930களின் இசைத்தட்டும் தந்தியும் புதுவுருவிற் திரும்பியிருந்தன. 2021இல் ரொறன்ரோ அணியின் வானொலி வர்ணனை நிறுத்தப்பட்டு, தொலைக்காட்சியின் ஒலியே வானொலியிலும் விடப்பட்டது. மறு ஆண்டு வானொலிக்கெனத் தனி வர்ணனை மீண்டது. காண்போர்க்கெனச் சொல்லப்பட்டது கேட்போர்க்குப் போதாது என்பதை அந்த ஒரு பருவம் உணர்த்திற்று. வீச்சுகளுக்கு இடையிலான நேரத்தை வரையறுக்கும் கடிகாரமும் 2023இல் வந்து, ஆட்டத்தின் சராசரி நேரத்தை ஏறத்தாழ 24 நிமிடங்களாற் குறைத்தது. பார்ப்போர் பலர் மகிழ்ந்தனர். கதை சொல்வோர்க்கு விளைநிலம் சுருங்கிற்று.

மின்சாரக் கார்களின் இயந்திரம் மத்திய அலை ஒலியைக் குழப்புகின்றது என்பதால், சில உற்பத்தியாளர் அவ்வானொலியையே கார்களிலிருந்து அகற்ற முற்பட்டனர். அதனைத் தடுக்கும் மசோதா 2023இல் அமெரிக்கக் காங்கிரசின் முன் வைக்கப்பட்டது. இதனை வெறும் கருவிப் பூசலாகக் கொள்ளுதல் தவறு. சாதனங்களை அவை காட்டும் காட்சியின் துல்லியத்தைக் கொண்டு மட்டும் அளந்தால், ஒவ்வொரு புதுமையும் முன்னேற்றமே. குரல் நம்பத்தக்கதா, அது யாவர்க்கும் எட்டுகின்றதா, எட்டும்போது யாவரும் ஒருங்கே இருக்கின்றனரா என்னும் மூன்றையும் கொண்டு அளந்தால், கணக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை. இன்று ஓர் ஆட்டத்தின் உள்ளே புகுமுன் சந்தா, கடவுச்சொல், பிரதேச எல்லை எனப் பல கேள்விகளுக்கு விடையிறுக்க வேண்டியுள்ளது. பார்பரின் மேசையிலிருந்த மணற்கடிகாரம் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. நடுவில் வந்து சேர்ந்தவர் யாராயினும், மூன்று நிமிடத்துக்குள் அவருக்குப் புள்ளிநிலை சொல்லப்பட்டுவிடும்.